41 வயதில் பி.சி.ஏ., பக்கத்தில் வெப் டிசைன்: தேவகோட்டைத் தம்பிக்குச் சொன்னதும் பின்னால் திருத்தியதும்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 2025 ஜூன் 29

அக்கா, வயது 34 ஆகிறது. நகைக்கடன் கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. இப்போது வெப் டிசைன் பக்கம் போகலாம் என்று யோசனை. என்னைக் கேட்டால் அதற்குக் கல்லூரியே வேண்டியதில்லை. யூடியூபில் எல்லாம் கிடக்கிறது, மூன்று மாதம் ராத்திரியில் உட்கார்ந்தால் போதும். மதுரையில் ஓர் இடத்தில் ஆறு மாத கோர்ஸ், 65,000 ரூபாய், வேலை உறுதி என்கிறார்கள், அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் 39 வயதில் பி.சி.ஏ. சேர்ந்தீர்களாமே, அந்த மூன்று வருடம் வீண்தானே?

2025 ஜூன் 30

வீண்தான் என்று சொல்ல வாய் வருகிறது. பிரஸ்ஸில் மூன்று கல்யாணப் பத்திரிகை புரூஃபுக்கு நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை விவரமாக எழுதுகிறேன். அதற்குள் அந்த 65,000-ஐ எங்கேயும் கட்டிவிடாதீர்கள். வேலை உறுதி என்றால் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வருமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சிரித்து மழுப்பினால் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

2025 ஜூலை 6

என் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். 2001-இல் பி.எஸ்சி. கணக்கு சேர்ந்தேன், 2003-இல் கல்யாணம், படிப்பு அதோடு போனது. 2006-இலிருந்து காரைக்குடி பிரஸ் ஒன்றில் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் அமைப்பது. பேஜ்மேக்கர், கோரல் டிரா, டைப்ரைட்டர் முறையில் தமிழ். இந்த ஊரில் பத்திரிகை என்றால் சும்மா இல்லை, எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் வீட்டுப் பேரன் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயராகவே இருக்கும். ஓர் இனிஷியல் தவறினால் ஐநூறு கார்டும் குப்பைக்குப் போகும், அந்தக் காசு என் சம்பளத்தில் பிடிபடும். பிடிபட்டிருக்கிறது, இரண்டு தடவை.

கொரோனா வருடத்தில் பத்திரிகை அச்சடிப்பதே நின்று, எல்லாரும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப ஆரம்பித்தார்கள். முதலாளி, "நீ ஒரு வெப்சைட்டும் போட்டுக் கொடேன்" என்று யாரோ ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். எனக்கு வெப்சைட் பார்க்கத் தெரியும், போடத் தெரியாது. பேஜ்மேக்கரில் வைத்திருந்த விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன். என் கம்ப்யூட்டரில் தமிழ், கடைக்காரர் போனில் ஆங்கில எழுத்தும் கமாவும் டாலர் குறியும் கலந்த ஏதோ ஒன்று. பழைய ஃபாண்ட்டுகள் ஆங்கில எழுத்துக்கான இடங்களில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தவை, அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும் என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. பதினைந்து வருடம் தமிழ் அடித்தவள், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொது முறையான யூனிகோட் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அப்போது வந்த ரோஷத்தில்தான் 2023-இல் தொலைநிலையில் பி.சி.ஏ. சேர்ந்தேன்.

அதற்கு நடுவில் எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் படிப்புக்கு இடம் இல்லையா என்ன? 1947-இல் அழகப்பச் செட்டியார் கல்லூரி ஆரம்பித்தார், 1948-இல் நேரு வந்து சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் வைத்தார், 1985-இல் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. இருபது வருடம் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போய்வந்தேன். இறங்கத்தான் தோன்றவில்லை.

2025 ஜூலை 7

நேற்று எழுதியதை ராத்திரி மறுபடி படித்தேன். "ரோஷத்தில் சேர்ந்தேன்" என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, பையனின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தாயின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் வருடா வருடம் "+2" என்று எழுதிக் கை ஓய்ந்துபோனது. இதற்கும் வெப் டிசைனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சரி, சொல்லிவிட்டேன்.

2025 ஜூலை 13

சேருவதாக இருந்தால் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்போ மனசு மாறுகிறதா?

முதலில் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்த பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜென்ட் காட்டும் பேப்பரை நம்பாதீர்கள். நான் சேர்ந்தபோது இல்லாத ஒன்று, இப்போது அந்தப் பிரிவிடம் பதிந்து டெப் ஐடி என்று ஓர் எண் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் ஏபிசி ஐடி, அது மாணவரின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண். அப்புறம் +2 மார்க் ஷீட், டி.சி., பழைய கல்லூரியில் படித்ததற்கான காகிதம், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்பதற்கு நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம். நான் இருபது வருடம் என்ன செய்தேன் என்று அரைப் பக்கத்தில் டைப் அடித்தேன், நானே டிடிபி ஆள் என்பதால் அதற்குக் காசு மிச்சம்.

என்னை அலைய விட்டது இனிஷியல். மார்க் ஷீட்டில் முன்னால், ஆதாரில் பின்னால், அதுவும் ஒன்றில் அப்பா இனிஷியல், ஒன்றில் வீட்டுக்காரர் இனிஷியல். ஊர் முழுக்க இனிஷியல் திருத்திக்கொண்டிருந்தவளுக்குச் சொந்த இனிஷியலைத் திருத்த ஏழு வாரம். நீங்கள் இன்றைக்கே மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய பி.எஸ்சி. பாஸ் பண்ணிய பேப்பர்களைக் கணக்கில் எடுப்பார்களா என்று ஆசையோடு கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்திரமா வச்சுக்கங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

2025 ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் இல்லை, பிரஸ்ஸில் ஈ ஓட்டுகிறோம். நான் உருப்படியாகப் படிப்பதெல்லாம் ஆடியிலும் மார்கழியிலும்தான். பரீட்சை வைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டா வைக்கிறார்கள், ஒரு செமஸ்டர் பரீட்சை சரியாகச் சித்திரை வைகாசி முகூர்த்தத்தில்தான் வந்து விழும். நீங்கள் நகைக்கடன் கடை, உங்களுக்கு ஆடியில் கூட்டமா இல்லையா தெரியவில்லை, உங்கள் வேலை எந்த மாதம் ஓய்கிறது என்று பார்த்துக்கொண்டு சேருங்கள்.

பாடத்திட்டம் பற்றி. பி.சி.ஏ. என்றால் வெப் டிசைன் என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். சி மொழி, டிஜிட்டல் லாஜிக், கணக்கு, டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம். நாலு செமஸ்டரில் வெப் என்று வந்தது ஒரே ஒரு பேப்பர். அதில் டிசைன் என்ற சொல்லே கிடையாது. நிறம், எழுத்து, இடைவெளி, ஒன்றும் கிடையாது.

2025 ஜூலை 21

அந்த ஒரே பேப்பரின் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. புத்தகத்தில் இருந்தது எச்டிஎம்எல் என்கிற வெப் பக்க மொழியின் பழைய குறிகள்: ஃபாண்ட் டேக், சென்டர் டேக், ஃபிரேம், மார்க்கீ. மார்க்கீ என்றால் எழுத்து பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்குமே, அது. 2014-இல் எச்டிஎம்எல் 5 நிலையான வடிவத்துக்கு வந்தபோதே இவையெல்லாம் வழக்கொழிந்தவை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. பரீட்சையில், ஓடும் எழுத்துக்கு நிரல் எழுதுக என்று கேள்வி, பேனாவால், பேப்பரில். நான் பெரிய புத்திசாலி மாதிரி, பக்கத்தின் தோற்றத்துக்கான புது வழியான சிஎஸ்எஸ் அனிமேஷனில் எழுதி வைத்தேன். எட்டு மார்க் கேள்வி. என்ன போட்டார்களோ தெரியாது, மொத்தம் 43 வந்தது. பாஸ்தான். பாஸுக்கு 40.

பத்தாவது படிக்கும் என் பையன் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, கேட்டதை எழுதணும்" என்றான். நான் அவனுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து சொல்லிவரும் வசனம்.

2025 ஆகஸ்ட் 3

அப்போ வெப் டிசைன் எங்கே கற்றேன் என்றால், கொஞ்சம் யூடியூப், நிறைய கெட்டுப்போன வேலைகளில். ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரைக்குப் பதிக்கும் பூப்போட்ட கல், செய்யும் ஒருவர் சைட் கேட்டார். கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, கலர் சிமென்ட்டை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு, அப்புறம் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். அந்தக் கண்ணாடி கொடுப்பதுதான் பளபளப்பு. போட்டோ எடுக்கும்போது ஒவ்வொரு கல்லையும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தார், பத்திரிகைக்கு எடுப்பது மாதிரி நானும் பெரிய சைஸில் எடுத்தேன். ஒரு படம் 4 எம்பி, 28 டிசைன், முதல் பக்கத்திலேயே அத்தனையும். கூட்டிப் பாருங்கள், 112 எம்பி. பிரஸ்ஸில் பெரிய படம் என்றால் நல்ல படம், அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ-க்குக் குறைந்தால் ஆஃப்செட்காரர் திட்டுவார். அதே புத்தி.

அவர் தன் பட்டறையில் நின்றுகொண்டு போனில் திறந்தார். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. "ஆச்சா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு ஒரு கல்லை ஊற்றி முடித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றையும், வெப்புக்காகப் படத்தைச் சுருக்கும் வெப்பி (WebP) வடிவத்தில் 120 கேபி-க்குள் குறைத்தேன், மொத்தம் மூன்றரை எம்பிகூட இல்லை, கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. கல் பார்க்க அதே அழகு.

அச்சிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. எங்களுக்குக் காகிதத்தின் அளவு தெரிந்தால்தான் கை ஓடும். ஏழுக்கு ஐந்து கார்டா, ஏ4-ஆ? வெப்பில் காகிதமே இல்லை, ஒருவர் கையில் ஐந்து அங்குல போன், ஒருவர் மேசையில் டிவி மாதிரி ஸ்கிரீன். ஈதன் மார்கோட் என்பவர் 2010-இலேயே, அளவுக்கு ஒரு சைட் என்று தனித்தனியாகச் செய்யாதீர்கள், திரைக்குத் தகுந்தபடி பக்கமே வளையட்டும் என்று எழுதிவிட்டார். எனக்கு அது மண்டையில் ஏற 2024 ஆனது. 1991-இல் வந்த உலகத்தின் முதல் வெப்சைட் இன்றைய போனிலும் சண்டை போடாமல் திறக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? அதில் டிசைன் என்று ஒன்றுமே இல்லை, அதனால்தான்.

2025 ஆகஸ்ட் 4

கலர் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக: எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் 3-க்கு 1 இருந்தால் போதும். அதைக் கணக்குப் பார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன.

2025 ஆகஸ்ட் 9

மேலே சொன்னது தவறு, மன்னிக்கவும். 3-க்கு 1 என்பது பெரிய எழுத்துக்கு மட்டும், அதாவது 18 பாயின்ட், போல்டு என்றால் 14 பாயின்ட், அதற்கு மேல். சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 வேண்டும். வலைப்பக்க அணுகல் விதியில் பாயின்ட் கணக்கிலேயே எழுதியிருக்கிறது, டிடிபிக்காரி நான் அதைக்கூடக் கோட்டை விட்டேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், எங்கள் பக்கத்துக் கைத்தறியான கண்டாங்கிச் சேலை விற்கும் ஒருவருக்காக, சேலையின் அந்தக் கடுகு மஞ்சளையே எடுத்து வெள்ளையில் எழுத்தாகப் போட்டிருந்தேன். ஆகா, நம்ம ஊர் நிறம் என்று எனக்கு ஒரே பெருமை. கருவியில் போட்டால் 2 சொச்சம். அந்த அம்மாவுக்கு 63 வயது, தன் சைட்டைத் தானே படிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். மஞ்சளைக் கரைக்கு அனுப்பிவிட்டு அரக்கில் எழுத்தைப் போட்டேன். சேலையிலும் அப்படித்தானே நெய்கிறார்கள், அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. இனிமேல் என்னைத் தேடாதீர்கள்.

2025 செப்டம்பர் 14

தேடியிருக்கிறீர்கள், நாலு கேள்வி. ஒன்றுக்கு மட்டும் பதில்: "கல்லூரிப் பாடம் எதுவுமே கைகொடுக்கவில்லையா?"

கொடுத்தது. நானே எதிர்பார்க்கவில்லை. பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி தேன்குழல், மனகோலம் என்று பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறார். ஆர்டர் எல்லாம் ஒரே எக்செல் தாளில். ஒரே ஆள் ஒன்பது தடவை வாங்கியிருந்தால் விலாசம் ஒன்பது தடவை, அதில் மூன்று தடவை பழைய விலாசம். டேட்டாபேஸ் பேப்பரில் நார்மலைசேஷன் என்று ஒன்று மனப்பாடம் பண்ணித் தொலைத்திருந்தேன். தகவல் ஒரே இடத்தில் ஒரே தடவை இருக்க வேண்டும், மற்ற இடமெல்லாம் அதைச் சுட்டினால் போதும் என்பதுதான் அதன் சாரம். ஆளுக்கு ஒரு பட்டியல், ஆர்டருக்கு ஒரு பட்டியல் என்று பிரித்தேன், விலாசக் குழப்பம் அன்றோடு போயிற்று. யூடியூபில் இதற்கு ஆயிரம் வீடியோ இருக்கும், ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், பரீட்சை இல்லாவிட்டால் நான் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். தலைப்பே தூக்கத்தை வரவழைக்கும்.

அதே ஆர்டர் படிவத்தில் நான் செய்த தப்பையும் கேளுங்கள். பெயர்ப் பெட்டிக்கு 15 என்று வரம்பு வைத்தேன், பதினைந்து எழுத்துக்கு மேல் யாருக்குப் பெயர் இருக்கப்போகிறது என்று. மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர் அடித்திருக்கிறார். நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து. கம்ப்யூட்டர் எண்ணினால் பதினாறு. கொக்கியும் காலும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. காரைக்குடி நமக்கு ஐந்து, அதற்குப் பத்து. ஆக, பதினாறாவதான கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு, லேபிளில் "மீனாட்சிசுந்தரம" என்று அச்சாகி, மனகோலத்தோடு சென்னைக்குப் போய்விட்டது. ஆச்சிக்கு போன் வந்தது. எனக்கு ஆச்சியிடமிருந்து போன் வந்தது. "பலகாரம் நல்லாருந்துச்சாம், பேருலதான் கடைசியா ஒண்ணைக் கடிச்சுட்டியாம்."

2025 அக்டோபர் 12

வேலை தேடிய கதை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, டிசைனர் தேவை. விண்ணப்பப் படிவத்தில் பிறந்த வருடம் கீழே இறங்கும் பட்டியல், 1990-க்குக் கீழே இறங்கவே இல்லை. நான் 1984. வயதாகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒரு பட்டியல் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. 1990 என்று போட்டுவிடு என்றார் வீட்டுக்காரர், ஆறு வயது குறைகிறதே என்று வேறு சிரிப்பு. எனக்கு மனசு வரவில்லை. அந்தப் படிவத்தைப் படம் பிடித்து, இதை இப்படி மாற்றலாம் என்று திருத்திய மாதிரியும் போட்டு அவர்களுக்கே மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. படிவம் மட்டும் இரண்டு வாரத்தில் மாறிவிட்டது.

2025 அக்டோபர் 26

தீபாவளி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். ஜூன் மாதம் "வீண்தான் என்று சொல்ல வாய் வருகிறது" என்று எழுதினேனே, அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

திருச்சியில் இரண்டே பேர் நடத்தும் ஒரு சின்ன இடம். அவர்கள் பட்டம் கேட்கவில்லை, செய்ததைக் காட்டு என்றார்கள். ஆத்தங்குடிக் கல், கண்டாங்கி, ஆச்சி மூன்றையும் காட்டினேன், புள்ளி போன கதையையும் சொன்னேன். சோதனைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் செய்த ஒரு சைட்டைத் தமிழில் மாற்ற வேண்டும், எல்லாப் பொத்தானிலும் எழுத்து வெளியே பிதுங்குகிறது. லாகின் இருந்த இடத்தில் உள்நுழையவும் என்று போட்டால் பிதுங்காமல் என்ன செய்யும்? பொத்தானுக்கு இத்தனை அகலம் என்று கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து, எழுத்தைச் சுற்றி இவ்வளவு இடம் என்று மாற்றினேன். வரிகளுக்கு நடுவிலும் இடம் பற்றாமல், மேல்வரியின் கீழ்க்கொக்கி கீழ்வரியின் விசிறியில் இடித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்த மாத்திரத்தில் கை தானாக இழுத்துவிட்டது. பத்தொன்பது வருடப் பத்திரிகை அடித்த கண். இதை அவர்கள் பெரிதாகப் பேசினார்கள், எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

மாதம் இத்தனை நாள் என்று பேசி முடித்த பிறகுதான் கேட்டார்கள், டிகிரி எப்போது முடியும் என்று. அவர்கள் எடுக்கும் சில டெண்டர் வேலைகளில் ஆட்களின் பட்டப்படிப்பைப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். 2026 என்றேன். குறித்துக்கொண்டார்கள். ஆக, வேலை வாங்கித் தந்தது பட்டம் இல்லை, ஆனால் அந்த வேலை பெரிதாக வேண்டுமானால் பட்டம் வேண்டும். இதில் எது எத்தனை சதவீதம் என்று என்னைக் கேட்காதீர்கள், கணக்கு எழுதுகிறவர் நீங்கள்.

பிரஸ்ஸை விட்டுவிட்டீர்களா என்றால், இல்லை. வாரம் மூன்று நாள் போகிறேன். நீங்களும் கடையை விட்டுவிட்டுப் படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். கல்யாணமாகி விட்டதா? சொல்லவே இல்லையே.

2025 அக்டோபர் 27

பெண் பார்க்கிறார்களாம். சரி, பத்திரிகை என்னிடம்தான் அடிக்க வேண்டும். இனிஷியலை நீங்களே சரிபார்த்துக் கொடுங்கள்.

2025 டிசம்பர் 7

ஐந்தாம் செமஸ்டர் பரீட்சை. பையனுக்கு அரையாண்டு. ராத்திரி ஒரே மேசையில் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மிக்சர். பைனரியில் கழித்தலை அவன் என்னைவிட வேகமாகப் போடுகிறான், அதைச் சொல்லிக் காட்டவும் செய்கிறான்.

தம்பி, டெப் ஐடி எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஜனவரியில் சேர்க்கை இருக்கிறதா என்பதை அந்தக் கல்லூரியிலேயே கேளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். மதுரைக்காரர்கள் இன்னும் போன் பண்ணுகிறார்களா?

எனக்கு வந்த போன் ஆச்சியிடமிருந்து. பெயரெல்லாம் இப்போது புள்ளியோடு முழுசாக வருகிறதாம், பின்கோடுதான் சரியில்லையாம். அதற்கு 6 என்று வரம்பு வைத்திருந்தேன், பின்கோடு ஆறு இலக்கம்தானே. ஆனால் பாதிப் பேர் 630 அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அப்புறம் 001 அடிக்கிறார்கள். லேபிளில் 630 00 என்று நிற்கிறது. பெட்டியை 7 ஆக்கிவிடுவதா, இடைவெளியை எடுத்துவிட்டு எண்ணுவதா என்று யோசித்துக்கொண்டே நாளைக்கான ஹால் டிக்கெட்டைத் தேடுகிறேன், எந்தப் புத்தகத்துக்குள் வைத்தேனோ.